ஏறிப் பார்க்காதவர் எழுதிய தீர்ப்பு

முன்சக்கரத்தில் செயின் ஓடும் சாய்வு சைக்கிள் அடிப்படையிலேயே ஒரு பொறியியல் பிழை என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அதோடு நிற்கவில்லை. அப்படிப்பட்ட சைக்கிளை எடை குறைத்துத் தன் பட்டறையில் தானே கட்டிக்கொள்பவர்கள் தங்கள் உயிரோடும் பிறர் உயிரோடும் விளையாடுகிறார்கள், நெடுந்தூர ஓட்டங்களில் அவர்களைச் சேர்க்கவே கூடாது என்று முடித்திருக்கிறது. முதல் பாதி அறியாமை. இரண்டாவது பாதி அநியாயம். அறியாமையை மட்டும் எழுதியிருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன்.

சாய்வு சைக்கிள் என்றால் என்ன என்று தெரியாத வாசகர்களுக்காக இரண்டு வரி. ஓட்டுபவர் குனிந்து உட்காராமல் முதுகைச் சாய்த்து, கால்களை முன்னே நீட்டிப் பெடல் மிதிக்கும் வண்டி அது. பெடல் பூட்டிய கிராங்க் காலுக்குக் கீழே இருக்காது, முன்னால் இருக்கும். எதிர்க்காற்றுக்கு உடம்பு காட்டும் பரப்பு குறைகிறது. இடுப்பு, கழுத்து, மணிக்கட்டு மூன்றுக்கும் பாரம் குறைகிறது. இப்படிப்பட்ட பெரும்பாலான வண்டிகளில் செயின் ஓட்டுபவரின் தொடைக்கு அடியில் நீண்டு போய்ப் பின்சக்கரத்தைச் சுழற்றும். சிலவற்றில் முன்சக்கரத்தையே சுழற்றும். தகராறு இந்தச் சிலவற்றைப் பற்றியது.

கட்டுரையாளரின் முதல் வாதம், முன்சக்கரம் திருப்புவதற்கு, பின்சக்கரம் தள்ளுவதற்கு என்பது சைக்கிளின் இயல்பு, அதை மீறக்கூடாது என்பது. எந்த இயல்பு? 1860களில் பாரிஸில் மிஷோ பட்டறை விற்ற பெடல் வண்டிகள் முன்சக்கரத்தில்தான் ஓடின. அதன் பிறகு வந்த உயரச் சக்கர சைக்கிளும் அப்படித்தான். நம் வீட்டுக் குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள் இன்றும் அப்படித்தான். 1885-இல் இங்கிலாந்தில் ஸ்டார்லியின் ரோவர் வந்த பிறகுதான் பின்சக்கரத்துக்குச் செயின் போடும் ஏற்பாடு நிலைத்தது. அது நிலைத்ததற்கு நல்ல காரணம் உண்டு. நிமிர்ந்து உட்காரும் சைக்கிளில் கிராங்க் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கிருந்து திரும்பாத சக்கரமான பின்சக்கரத்துக்கு ஒன்றரை மீட்டருக்கும் குறைவான ஒரு செயின் வளையம் போட்டால் வேலை முடிந்தது. எளிமை, குறைந்த எடை, குறைந்த உராய்வு. அந்த முடிவை நானும் வணங்குகிறேன்.

ஆனால் ஓட்டுபவரைச் சாய்த்து உட்கார வைத்த மறுகணமே கிராங்க் இடம் மாறிவிட்டது. இப்போது அதற்குப் பக்கத்தில் இருப்பது முன்சக்கரம். பின்சக்கரத்தைத்தான் ஓட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தால் சாதாரணச் செயினைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான நீளம் வேண்டும். அது ஓட்டுபவரின் தொடையில் உரசாமலிருக்க வழியில் ஐட்லர் சக்கரங்கள் வேண்டும், கிரீஸ் காலில் ஒட்டாமலிருக்கப் பிளாஸ்டிக் குழாய்கள் வேண்டும். ஒவ்வொரு ஐட்லரும் மிதிக்கும் சக்தியில் கொஞ்சம் தின்னும், ஒவ்வொரு குழாயும் சத்தம் போடும். ஸ்டார்லி எந்தக் காரணத்துக்காகப் பின்சக்கரத்தைத் தேர்ந்தாரோ அதே காரணம் சாய்வு சைக்கிளில் முன்சக்கரத்தைச் சுட்டுகிறது. காரணத்தைத் தொலைத்துவிட்டு விளைவை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டவர்தான் அதை இயல்பு என்று சொல்வார்.

இரண்டாவது வாதத்தில் கட்டுரையாளர் செய்திருப்பது இதைவிட மோசம். பெடல் மிதிக்கும்போது ஹேண்டில்பார் இடமும் வலமும் ஆடும், திரும்பும்போது செயின் முறுக்கிக்கொண்டு கழன்று விழும், ஆகவே இந்த வண்டி ஓட்டத் தகுதியற்றது என்கிறார். இரண்டு குறைகளும் ஒரே வண்டியில் இருப்பதாக எழுதியிருக்கிறார். அப்படி ஒரு வண்டி உலகத்தில் இல்லை.

முன்சக்கர இயக்கத்தில் இரண்டு குடும்பங்கள் உண்டு. முதல் குடும்பத்தில் கிராங்க், செயின், முன்சக்கரம் எல்லாம் ஒரே கட்டுமானம். சக்கரம் திரும்பும்போது கிராங்கும் கூடவே திரும்பும், ஓட்டுபவரின் கால்களும் அதோடு போகும். அமெரிக்காவில் விற்கும் குரூஸ்பைக் இந்த வகை. நெதர்லாந்தில் டிரோன்டன் ஊரிலிருந்து வந்த ஃப்ளேவோபைக்கும், ஜெர்மனியில் தொடங்கி வீட்டுப் பட்டறைகளில் பரவிய பைத்தானும் இதே வகைதான். அவை இன்னும் ஒரு படி மேலே போய் வண்டியை நடுவில் மடித்துத் திருப்புகின்றன. இவற்றில் செயின் முறுக்குவதற்கு வழியே இல்லை, ஏனென்றால் செயினின் இரண்டு முனைகளும் சேர்ந்தே திரும்புகின்றன. இரண்டாவது குடும்பத்தில் கிராங்க் சட்டத்தோடு அசையாமல் நிற்கும், சக்கரம் மட்டும் திரும்பும். இவற்றில் செயின் முறுக்கும், ஆனால் கால் உதை ஹேண்டில்பாரை நேரடியாக அசைக்க முடியாது. ஒன்றின் குறையையும் மற்றதன் குறையையும் சேர்த்துத் தைத்து, இல்லாத ஒரு வண்டியை உருவாக்கி அதை அடித்து வீழ்த்தியிருக்கிறார் கட்டுரையாளர். ஒரே ஒரு வண்டியைப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்திருந்தால் இதை எழுதியிருக்க முடியாது.

குறைகளைத் தனித்தனியாகவே பார்ப்போம். செயின் முறுக்குவது உண்மை. கியர் சைக்கிள் செயின் பக்கவாட்டில் வளையும்படிதான் செய்யப்படுகிறது. பின்னால் பல்சக்கரம் மாறும்போதெல்லாம் அது கோணலாகத்தான் ஓடுகிறது. சாலையில் வேகமாகப் போகும்போது சக்கரம் எவ்வளவு திரும்புகிறது? 1.2 மீட்டர் சக்கர இடைவெளி உள்ள வண்டி 10 மீட்டர் ஆரத்தில் வளைய, சக்கரம் ஏறத்தாழ 7 பாகைதான் திரும்ப வேண்டும். 25 பாகை திரும்ப இடமிருந்தால் மூன்று மீட்டருக்கும் குறைந்த ஆரத்தில் வளையலாம். குறுகிய சந்துக்குள் ஒரே மூச்சில் திரும்ப முடியாது, இறங்கித் திருப்ப வேண்டும். குதிகால் டயரில் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் குறையை நான் மறைக்கவில்லை. சந்துக்குள் காய்கறி வாங்கப் போவதற்காக யாரும் இந்த வண்டியைக் கட்டவில்லை.

கால் உதை ஹேண்டில்பாரை அசைப்பதும் உண்மை. வலது கால் முன்னே தள்ளும்போது முன்கட்டுமானம் இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். வலது கை அதை அந்த நொடியிலேயே தன் பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். முதல் முறை ஏறுபவர் வண்டி தன்னைக் கேட்காமல் போகிறது என்று திகைப்பார், தோள் இறுகும், பிடி இறுகும், பிடி இறுக இறுக ஆட்டம் கூடும். பழக்கிவிடுபவர்கள் அதனால்தான் முதலில் பெடல் மிதிக்கவே விடுவதில்லை. லேசான சரிவில் காலைப் பெடலில் வைத்தபடி சும்மா உருள விடுவார்கள், பிறகு ஒற்றைக் காலால் மெல்ல மிதிக்க வைப்பார்கள், பிறகு இரண்டு காலாலும். சில நாட்களில் உடம்பு அதைத் தன் வசமாக்கிக்கொள்கிறது. அதன் பிறகு அந்தக் கை இழுப்பு ஒரு தொல்லையாக இருப்பதில்லை. சாதாரண சைக்கிளில் எழுந்து நின்று ஏற்றம் மிதிப்பவரும் வலது காலை அழுத்தும்போது வலது கையால் ஹேண்டில்பாரை இழுக்கத்தானே செய்கிறார்? சாய்வு சைக்கிளில் எழுந்து நிற்க முடியாது. ஆனால் இந்த வகை வண்டியில் கையும் தோளும் காலுக்குத் தோள் கொடுக்க முடிகிறது. பின்சக்கரத்தில் ஓடும் சாய்வு வண்டி அந்த வாய்ப்பைத் தருவதில்லை. கட்டுரையாளர் குறை என்று எழுதியதற்குள்ளேயே ஒரு பலன் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளும் வரை அவர் காத்திருக்கவில்லை.

பழக நாளாகும், ஆகவே ஆபத்து என்பது ஒரு வாதமா? நாம் எல்லோரும் சைக்கிள் பழக நாளாயிற்று. முழங்கால் தோலும் போயிற்று.

இனி மலை ஏற்றம். கட்டுரையின் ஆணிவேர் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏற்றத்தில் பாரம் பின்னால் சாயும், முன்சக்கரம் பிடி இழந்து வழுக்கும், ஆகவே ஊட்டி மலையில் இந்த வண்டி நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நிற்கும் என்கிறார். பாரம் பின்னால் சாயும் என்பது சரி. எவ்வளவு சாயும் என்பதுதான் கேள்வி. அவர் காட்டும் கணக்கில் பாரமையம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல், சக்கர இடைவெளி ஒரு மீட்டர், சமதரையில் முன்சக்கரத்தின் பங்கு நூற்றுக்கு நாற்பது. இது நிமிர்ந்து உட்காரும் சைக்கிளின் அளவு. யாருமே முன்சக்கரத்தில் ஓட்டாத ஒரு வண்டியின் அளவை எடுத்து, முன்சக்கரத்தில் ஓடும் வண்டியின் தலையில் கட்டியிருக்கிறார்.

சாய்வு வண்டியின் அளவைப் போட்டுப் பார்க்கட்டும். பாரமையம் 65 செ.மீ. உயரம், சக்கர இடைவெளி 115 செ.மீ., சமதரையில் முன்சக்கரம் பாதிப் பாரம் சுமக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குப் பத்து ஏற்றத்தில் பின்னால் போவது மொத்தப் பாரத்தில் 6 சதவீதத்துக்கும் குறைவு. முன்சக்கரத்தில் 44 சதவீதம் மிஞ்சுகிறது. வண்டியை மேலே இழுக்க வேண்டிய விசை, உருளும் உராய்வையும் சேர்த்து, மொத்தப் பாரத்தில் பத்தரை சதவீதம். பத்தரையை நாற்பத்து நாலால் வகுத்தால் தேவைப்படும் பிடி 0.24. கால் மிதி சீராக இருப்பதில்லை, ஒவ்வொரு சுற்றிலும் உச்சத்தில் சராசரியைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகும் என்பதால் 0.4 என்றே வைத்துக்கொள்வோம். காய்ந்த தார்ச்சாலையில் ரப்பர் டயருக்கு 0.7-க்குக் குறையாத பிடி கிடைக்கிறது. வழுக்க இடமே இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் சாலையின் சராசரி ஏற்றம் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை.

நூற்றுக்குப் பதினைந்து ஏற்றத்தில் இதே கணக்கு உச்சத்தில் 0.6 கேட்கும். காய்ந்த சாலையில் ஏறிவிடலாம். மழையில் நனைந்திருந்தாலோ சரளை கிடந்தாலோ சக்கரம் வழுக்கும். முதுகைச் சீட்டிலிருந்து எடுத்து முன்னே சாய்ந்தால் கொஞ்சம் பிடி கூடும், அவ்வளவுதான். மழை நாளில் கல்லட்டி மலையை முன்சக்கர வண்டியில் ஏறச் சொல்லி நான் யாரையும் தூண்ட மாட்டேன். இந்த வண்டிக்கு எல்லை உண்டு. எந்த வண்டிக்கு இல்லை? எல்லை எங்கே இருக்கிறது என்று அளந்து சொல்வது பொறியியல். எல்லை இருக்கிறது என்பதாலேயே வண்டி செல்லாது என்பது வெறும் கூச்சல்.

தன் கணக்கில் தவறு இருக்கலாம் என்ற சந்தேகம், நடந்து முடிந்த ஒரு போட்டியைப் பார்த்தாவது அவருக்கு வந்திருக்க வேண்டும். கலிபோர்னியாக் கரையிலிருந்து அமெரிக்காவைக் குறுக்கே கடந்து கிழக்குக் கரை வரை, ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் ஓடும் போட்டியை 2013-இல் மரியா பார்க்கர் தனி ஆளாக முன்சக்கர சாய்வு சைக்கிளில் முடித்தார். அந்தப் பாதையில் ராக்கி மலைத்தொடர் இருக்கிறது, அப்பலாச்சியன் மலைகளும் இருக்கின்றன. அவர் அந்த மலைகளை ஏறித்தான் கடந்தார்.

எடை குறைப்பது வீண் பெருமை என்ற வாதத்துக்கு வருகிறேன். ஆள் 70 கிலோ இருக்கும்போது வண்டியில் நாலு கிலோ குறைந்தால் என்ன என்கிறார். செங்குத்தான ஏற்றத்தில் நேரம் மொத்த எடையோடு நேராகக் கூடும். 84 கிலோ 80 ஆனால் ஒரு மணி நேர ஏற்றத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக மிச்சமாகும். எழுந்து நின்று மிதிக்க முடியாத வண்டியில், களைத்த காலுக்கு அந்த மூன்று நிமிடம் எவ்வளவு பெரிது என்பது ஏறியவருக்குத் தெரியும்.

அதைவிட முக்கியமான ஒன்றை அவர் கவனிக்கவே இல்லை. சாய்வு சைக்கிளில் சீட்டை மேலே தூக்கி ஆளுக்கேற்ப அளவு வைக்க முடியாது. காலின் நீளத்துக்குத் தக்கபடி பெரும்பாலும் கிராங்க்தான் முன்னே பின்னே போக வேண்டும். கடையில் விற்கும் வண்டி குட்டையானவருக்கும் நெட்டையானவருக்கும் பொருந்த வேண்டும் என்பதால் குழாய்க்குள் குழாய் நுழைந்து நகரும்படி செய்கிறார்கள், அதைப் பிடித்து நிறுத்தக் கவ்விகள், போல்ட்டுகள். முன்சக்கர வண்டியில் ஒன்றை நகர்த்தினால் கிராங்குக்கும் சக்கர அச்சுக்கும் உள்ள தூரமும் மாறும், ஆகவே இரண்டு மூன்று இடத்தில் இந்த ஏற்பாடு வேண்டும். எடை கூடுகிறது, மிதிக்கிற விசை நேராகப் பாய வேண்டிய இடத்திலேயே இணைப்புகள் நெகிழ்கின்றன. ஒரே ஒருவருக்காகக் கட்டும்போது இவை எதுவும் வேண்டாம். கிராங்க், சக்கர அச்சு, ஃபோர்க் தலை மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தை அவர் காலளவுக்குப் பூட்டிவிடலாம். இழுவிசை முழுவதும் அந்தச் சின்ன முக்கோணத்துக்குள்ளேயே அடங்கிப்போவதால் வண்டியின் பின்பாதி ஆளைத் தாங்கினால் போதும், செயின் இழுப்பைத் தாங்க வேண்டியதில்லை. அங்கே குழாயை மெலிதாக்கலாம். பின்சக்கரத்தில் பல்சக்கர அடுக்கு இல்லாததால் ஸ்போக் கம்பிகளை இரண்டு பக்கமும் சமச்சீராக இழுத்துக் கட்டலாம், குறைந்த கம்பியிலேயே சக்கரம் உறுதியாக நிற்கும். எடை குறைவது இந்த வடிவமைப்பின் நேரடி விளைவு. பெருமைக்காகச் சுரண்டி எடுத்த கிராம்கள் அல்ல.

வீட்டில் கட்டுவது அரைகுறை வேலை என்ற வசைக்கு என்னால் அமைதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு கார்பன் இணைப்பை இவர்கள் எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? இரண்டு குழாய்களையும் அளவுக்கட்டையில் பூட்டி, ரசமட்டம் வைத்து, சக்கரம் இரண்டும் ஒரே தளத்தில் நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பார்ப்பார்கள். குழாய் முனைகளை உப்புத்தாளால் தேய்த்து மினுமினுப்பை எடுப்பார்கள், மினுமினுப்பு இருந்தால் பசை பிடிக்காது. கார்பன் துணியைப் பட்டை பட்டையாக வெட்டி எப்பாக்சியில் நனைத்து, விசை எந்தத் திசையில் வருமோ அந்தத் திசைக்கு இழை ஓடும்படி ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றுவார்கள். அதன்மேல் பிளாஸ்டிக் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்குமாறு இறுக்கிச் சுற்றி, ஊசியால் பொத்தல் பொத்தலாகக் குத்துவார்கள். அந்தத் துளைகள் வழியாக உபரிப் பசை சின்னச் சின்ன மணிகளாக வியர்த்து வெளியே வரும். உபரிப் பசை உள்ளேயே தங்கினால் எடை கூடும், காற்றுக்குமிழி தங்கினால் அந்த இடம் பின்னாளில் விட்டுக்கொடுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். இறுகிய பிறகு நாணயத்தால் தட்டித் தட்டி ஓசை கேட்பார்கள். ஓசை மந்தமாகும் இடத்தைச் சந்தேகிப்பார்கள். தான் ஏறி உட்கார்ந்து மலை இறங்கப்போகிற வண்டி அது என்பதால் அந்தக் கைகளில் அலட்சியம் இருக்காது. அதை அரைகுறை என்று எழுத ஒருவருக்கு எப்படி மனம் வந்தது?

இவ்வளவு நல்ல வண்டி என்றால் ஏன் கடைகளில் இல்லை, ஏன் பந்தயங்களில் இல்லை என்பது அவருடைய கடைசிக் கேள்வி. விடை வரலாற்றில் தெளிவாக இருக்கிறது. 1933 ஜூலை 7 அன்று பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர் என்ற இரண்டாம் தர வீரர், ஷார்ல் மோஷே செய்த சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓடினார். 1914 முதல் ஆஸ்கார் எக்கின் பெயரில் அசையாமல் நின்ற 44.247 கிலோமீட்டர் சாதனை விழுந்தது. அனைத்துலக சைக்கிள் சங்கம் என்ன செய்தது? 1934-இல் பந்தய சைக்கிளுக்குப் புதிய இலக்கணம் எழுதி, கிராங்க் எங்கே இருக்கலாம், சீட்டிலிருந்து எவ்வளவு முன்னே போகலாம் என்று எல்லை போட்டுச் சாய்வு சைக்கிளைப் பந்தயத்திலிருந்து வெளியேற்றியது. மோஷே அதே ஆண்டில் இறந்தார். அவருடைய வண்டி பின்சக்கரத்தில் ஓடியது. ஆனால் தடை எல்லாச் சாய்வு வண்டிகள் மீதும் விழுந்தது. பந்தயம் இல்லாத இடத்தில் பெரிய தொழிற்சாலை பணம் போடாது, பணம் இல்லாத இடத்தில் கடைக்கு வண்டி வராது. வாசலைப் பூட்டிவிட்டு உள்ளே ஏன் யாரும் வரவில்லை என்று கேட்பது நியாயமில்லை.

அந்தப் பூட்டுக்கு வெளியே இந்த அறிவைக் காப்பாற்றி வளர்த்தவர்கள் பட்டறைக்காரர்கள்தான். பல்கேரியாவில் பிறந்து கனடாவில் கேப்ரியோலா தீவில் குடியேறிய சிற்பி ஜியார்ஜி ஜியார்ஜியேவ், கையால் கட்டிய வார்னா வண்டிகளில் முன்சக்கரத்தைத்தான் ஓட்டினார். செயின் ஓட்டுபவருக்கு அடியில் போகாததால் சீட்டைத் தரையோடு தரையாகத் தாழ்த்த முடிந்தது, மேலே மூடிய கூடு இன்னும் சின்னதாயிற்று. 2009-இல் நெவாடாவின் பேட்டில் மவுன்டன் சாலையில் சாம் விட்டிங்காம் அந்த வண்டியை மணிக்கு 133 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார். மோட்டார் கிடையாது, இரண்டு கால்கள் மட்டும். அந்த வேகத்தில் முறுக்கும் செயின் கழன்று விழவில்லை.

இப்போது அந்தத் தடைக் கோரிக்கை. பிரெவே எனப்படும் இந்த நெடுந்தூர ஓட்டங்கள் பந்தயங்கள் அல்ல. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள் சொந்தக் காலால் முடிக்க வேண்டும், இரவில் விளக்கு எரிய வேண்டும், உடலில் ஒளி பிரதிபலிக்கும் மேலங்கி வேண்டும். மனித சக்தியால் ஓடும் எந்த வண்டிக்கும் அங்கே இடம் உண்டு. 1,200 கிலோமீட்டர் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்தில் சாய்வு வண்டிகளுக்குத் தனிக் குழுவாகவே புறப்பாடு வைக்கிறார்கள். உலகத்தின் மிகப் பழைய நெடுந்தூர ஓட்டங்களில் ஒன்று திறந்து வைத்திருக்கும் கதவை இங்கே மூடச் சொல்ல, ஆதாரம் எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும்? கட்டுரையில் ஒரு விபத்துகூடச் சுட்டப்படவில்லை, ஓட்டிப் பார்த்ததாக ஒரு வரி இல்லை, அளவெடுத்த ஒரு வண்டி இல்லை. ஓட்டம் நடத்துபவர்கள் பிரேக்கைச் சோதிக்கட்டும், விளக்கைச் சோதிக்கட்டும், எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி சோதிக்கட்டும். கட்டுரையாளர் தன் கோரிக்கையைத் திரும்பப் பெற வேண்டும். பெற மாட்டேன் என்றால், எந்தக் குடும்பத்து வண்டியில், எத்தனை சதவீத ஏற்றத்தில், எந்த டயர் வழுக்கியது என்பதை அடுத்த இதழில் எழுதட்டும்.